தெருவில் நடக்கும் உரிமையும் தெருவில் குடியிருக்கும் உரிமையும்

(ரெட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாத்தா ரெட்டைமலை சீனிவாசன் பெயரில் நடக்கும் கூட்டங்களில் வட்டமேசை மாநாட்டைப் பற்றியும் ‘பறையன்’ இதழைப் பற்றியும்தான் அதிகம் பேசுவோம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது வாடகை வீடு. ஒரு நகரத்தில் நம் குடும்பத்துக்கு ஏற்ற பகுதி எது, அதைத் தேர்ந்தெடுப்பது யார் என்கிற கேள்வி. இந்த மேடைக்கு இது பொருந்துமா என்று யோசிப்பவர்களுக்கு அவர் வாழ்க்கையிலிருந்தே இரண்டு செய்திகளைச் சொல்லித் தொடங்குகிறேன்.

முதல் செய்தி 1924ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பொதுத்தெரு, பொதுக்கிணறு, குளம், பொதுக்கட்டடம் ஆகியவற்றை எந்தச் சாதியாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்கிற தீர்மானத்தை அந்த ஆண்டு ஆகஸ்டில் அவர் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தார். அது நிறைவேறி, அடுத்த மாதமே அரசாணையாகவும் வந்தது. இரண்டாவது செய்தி, 1939இல் வெளியான அவருடைய ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் இருக்கிறது. கோயம்புத்தூரில் அவர் படித்த காலத்தில் சுமார் நானூறு மாணவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். யாருடனாவது நெருங்கிப் பழகினால் தன் சாதி, குடும்பம், குடியிருக்கும் இடம் எல்லாம் தெரிந்துவிடும் என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு மணியடித்த பிறகுதான் அவர் உள்ளே போவார். வகுப்பு முடிந்ததும் யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் வீட்டுக்கு விரைந்துவிடுவார். மற்றப் பையன்களோடு விளையாட முடியாத வருத்தத்தையும் அதே இடத்தில் எழுதியிருக்கிறார்.

வீடு எங்கே என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்த அந்தச் சிறுவன்தான், வளர்ந்த பிறகு தெருவை எல்லோருக்கும் திறந்துவிடச் சொன்னார். 1924 தீர்மானம் தெருவில் நடக்கும் உரிமையை அரசின் வாயால் சொல்ல வைத்தது. அதே தெருவில் வீடெடுத்துக் குடியிருக்கும் உரிமை நடைமுறையில் இன்னும் நம் கைக்கு வரவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கான விளக்கம்.

தோழர்களே, கிராமத்தை விட்டு நகரத்துக்கு வாருங்கள் என்பது நம் இயக்கத்தின் பழைய அழைப்பு. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் பேசியபோது, கிராமத்தைப் போற்றியவர்களை அண்ணல் அம்பேத்கர் மிகக் கடுமையாக மறுத்தார். ஊர், சேரி என்று கோடு போட்டுப் பிரித்த நிலத்தில் மனிதருக்கு மரியாதை கிடைக்காது என்பது அவர் பட்டறிவு. நகரத்தில் கூட்டம் இருக்கிறது, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாரென்று தெரியாது, அந்தத் தெரியாமையே ஒரு விடுதலை என்று நாம் நம்பினோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியது இதே சென்னையின் இராயப்பேட்டையில்தான். நம் பத்திரிகை, நம் சங்கம், நம் தொழிற்சங்க அரசியல் எல்லாவற்றுக்கும் நகரம் இடம் கொடுத்தது.

ஆனால் நகரமும் கோடு போட்டுத்தான் வளர்ந்தது. ஆங்கிலேயர் வரைந்த பழைய சென்னை வரைபடங்களிலேயே கறுப்பர் நகரத்துக்கு வெளியே ‘பெரிய பறச்சேரி’ தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. 1921இல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தையொட்டி எழுந்த மோதலில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களின் வீடுகள் எரிந்தன. வீடுகள் சாதிவாரியாகத் திரண்டிருந்ததால், யார் வீட்டுக்குத் தீ வைக்க வேண்டும் என்று யாரும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இது பழைய கதை என்று சொல்ல முடியுமா? 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, சென்னை உட்பட நாட்டின் ஏழு பெருநகரங்களை வார்டு வாரியாக ஆராய்ந்த ஒரு கட்டுரை 2012இல் வெளிவந்தது. பொருளாதார நிலையை ஒட்டி மக்கள் பிரிந்து வாழ்வதைவிடச் சாதியை ஒட்டிப் பிரிந்து வாழ்வது இந்த நகரங்களில் அதிகம் என்பது அதன் முடிவு. காசு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

காசும் படிப்பும் பதவியும் இருந்தவருக்கு என்ன நடந்தது என்பதை அண்ணலே எழுதி வைத்திருக்கிறார். 1917இல், கொலம்பியாவில் படித்துத் திரும்பி, பரோடா அரசில் வேலைக்குச் சேரப் போகிறார். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்குகிறார். பதினோராம் நாள் பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு வந்து வெளியேறச் சொல்கிறார்கள். ஒரு இந்து நண்பரிடம் போகிறார். நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்களே என்கிறார் அவர். ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் போகிறார். மனைவியைக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்கிறார் அவர். கடைசியில் பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்புகிறார்.

அந்த நண்பர் சொன்ன பதிலைக் கவனியுங்கள். இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேராவது அதைக் கேட்டிருப்பீர்கள். “வீட்டுல கேட்டுச் சொல்றேன் சார்.” அதற்குப் பிறகு போன் வராது. நீங்களாகக் கூப்பிட்டால், “வேற ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க” என்பார்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனாலும் ‘டு லெட்’ பலகை கேட்டில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வேலை, வருமானம் எல்லாம் ஒரே மாதிரி. பெயர் மட்டும் வேறு. மேல்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். வீட்டுக்காரர்களுக்குப் போன் செய்து வீடு கேட்டார்கள். மேல்சாதிப் பெயரில் கேட்டவர்களுக்கு மறுப்பே வரவில்லை. தலித் பெயரில் கேட்டவர்களில் சுமார் 18 சதவீதத்தினருக்கும், முஸ்லிம் பெயரில் கேட்டவர்களில் சுமார் 31 சதவீதத்தினருக்கும் போனிலேயே வீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் பலருக்குக் கூடுதல் நிபந்தனை போட்டார்கள். ஆய்வு 2015இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் வெளியானது.

தமிழ்நாட்டில் இதே சோதனையைப் பெயரை மட்டும் வைத்துச் செய்ய முடியாது. ஏனென்றால் நம் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. பெரும்பாலோர் விட்டார்கள். அது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் பெயரில் கிடைக்காததை வீட்டுக்காரர் வேறு வழியில் தேடுகிறார். “சொந்த ஊர் எது?” “விழுப்புரம் பக்கம்.” “விழுப்புரத்துல எங்க?” ஊர்ப் பெயரைச் சொன்னால், “அங்க எந்தத் தெரு?” தெருவைச் சொல்லத் தயங்கினால், “உங்க குலதெய்வம் எது?” கடைசியில் சாப்பாட்டுக்கு வருவார்கள். “நாங்க எல்லாம் பார்க்கறதில்ல சார், சும்மா தெரிஞ்சுக்கத்தான்.” கோவையில் அந்தச் சிறுவன் எந்தக் கேள்விக்குப் பயந்து ஓடினாரோ, அந்தக் கேள்வி இன்று வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படுகிறது.

சாப்பாட்டுக் கேள்வியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘சைவம் மட்டும்’ என்கிற பலகையைச் சென்னையில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. 2014இன் மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 97 சதவீதத்தினர் அசைவம் உண்பவர்கள். இப்படிப்பட்ட மாநிலத்தில் சைவம் கேட்பது மீன்குழம்பு வாசனைக்குப் பயந்து அல்ல. சாதியைக் கேட்காமலே சாதியைத் தெரிந்துகொள்ளும் வழி அது. அதற்காக, இது அக்கிரகாரத்துக்காரர்களின் பழக்கம் மட்டும்தான் என்று நிறுத்திவிடவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற இடைநிலைச் சாதி வீட்டுக்காரரும் ஊரையும் தெருவையும் கேட்கிறார். “நான்வெஜ் பரவாயில்ல, ஆனா அது மட்டும் வேணாம்” என்று மாட்டுக்கறியைப் பெயர் சொல்லாமலே சொல்கிறார். புறநகர்களில் புதிதாக வீடு கட்டி வாடகைக்கு விடுபவர்களில் இவர்கள் ஏராளம்.

அடுத்தது ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்கிற பலகை. எது குடும்பம்? கணவரைப் பிரிந்து குழந்தையோடு வரும் பெண் குடும்பமாகத் தெரிவதில்லை. சாதி மறுத்து மணந்துகொண்ட இருவரும் அப்படித்தான். அவர்களிடம் வீட்டுக்காரர் கேட்பது பெற்றோரின் போன் நம்பர். ஊரில் வெட்டத் துடிப்பவர்களிடமிருந்து தப்பி வந்த இருவர் அந்த நம்பரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. அவர்களுக்கு வாடகை வீடு என்பது வசதிப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. ஆணவக் கொலைக்கு எதிராகச் சட்டம் கேட்கும் நாம், அந்த இருவருக்கும் முதல் மாதம் வீடு கொடுப்பது யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இதுவரை பேசியது கையில் பத்து மாத அட்வான்ஸ் வைத்திருப்பவர்களைப் பற்றி. அது இல்லாதவர்களுக்குப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது அரசு. 1970இல் குடிசை மாற்று வாரியம் உருவானது. அடுத்த ஆண்டு சட்டமும் வந்தது. தொடக்க காலத்தில் மக்கள் இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு அருகிலேயே மாடிக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. 2000ஐ ஒட்டி நிலைமை மாறியது. ஆற்றோரம், கால்வாயோரம் வாழ்ந்தவர்களை நகரத்துக்கு வெளியே கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், அதற்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் கட்டிய வீடுகள் சுமார் 200 சதுர அடி. பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்களில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ‘குடிசை’ என்ற சொல் போனது நல்லதுதான். அனுப்புகிற இடம் மாறவில்லை.

ஒரு குடும்பத்துக்கு இதன் பொருள் என்ன? மந்தைவெளியில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மா, பெரும்பாக்கத்திலிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்தாக வேண்டும். 2021இலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம் இருக்கிறது. காசு மிச்சம், ஆனால் போக வர மூன்று மணி நேரம் போவது போனதுதான். அம்மா திரும்புவதற்குள் பள்ளி விட்டு வந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, பழைய இடத்தில் பக்கத்து வீட்டு ஆயா இருந்தார். குலுக்கலில் அந்த ஆயாவுக்கு வேறு பிளாக்கில் வேறு மாடி. கல்வியாண்டின் நடுவில் வீட்டை இடித்ததால் படிப்பை விட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது, அந்தப் பகுதிக்காரர் ஒருவர் தீக்குளித்து உயிர் விட்டார். தான் வாழ்ந்த பகுதி தனக்கு எவ்வளவு வேண்டியது என்று ஒரு மனிதர் இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

இதே தமிழ்நாட்டு அரசு 1997இல் சமத்துவபுரம் திட்டத்தைக் கொண்டுவந்தது. நூறு வீடு, அதில் நாற்பது தலித்துகளுக்கு, மீதி மற்றச் சாதியாருக்கு. பக்கத்துப் பக்கத்து வீடு, பொதுவான நூலகம், பொதுவான விளையாட்டிடம். அதன் நடைமுறையில் குறைகள் உண்டு. ஆனால் சேர்ந்து வாழ வைப்பது அரசின் கடமை என்று அந்தத் திட்டம் ஒப்புக்கொண்டது. என் கேள்வி: கிராமத்தில் ஒப்புக்கொண்டதை நகரத்தில் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை? கிராமத்துக்குச் சமத்துவபுரம் கட்டிய கையே நகரத்துக்கு வெளியே சதுப்பு நிலத்தின் ஓரமாக எட்டடுக்குச் சேரியைக் கட்டுவது எப்படி?

இப்படிக் கட்டிய இடத்துக்குப் பிறகு கெட்ட பெயரும் வைக்கிறார்கள். கண்ணகி நகர் என்று முகவரி போட்டால் வேலை கிடைப்பதில்லை என்று பிள்ளைகள் துரைப்பாக்கம் என்று போடுகிறார்கள். ஏதாவது திருட்டு என்றால் போலீஸ் முதலில் வருவது அங்கே. ஆனால் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது, அணியின் துணைத் தலைவர் கார்த்திகாவை நாடே ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றுதான் அழைத்தது. முகவரியை மறைத்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு பெயர் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூடவே இதையும் யோசியுங்கள்: தன் முகவரியைத் தலை நிமிர்ந்து சொல்ல ஒரு பிள்ளை ஆசியத் தங்கம் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

அப்படியானால் குடும்பத்துக்கு ஏற்ற பகுதி எது? வீட்டு விளம்பரங்கள் சொல்லும் பட்டியல் நமக்குத் தெரியும். அமைதியான சூழல், நல்ல பள்ளி, பூங்கா, பாதுகாப்பு, ‘டீசண்டான ஆட்கள்’. கடைசிச் சொல்லில்தான் நம்மை வெளியே நிறுத்துகிறார்கள். ஆனால் மற்றவற்றை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நம் பகுதிகள் எப்படியிருந்தாலும் நமக்குப் போதும் என்று பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. கொடுங்கையூர் குப்பைமேட்டின் புகையை மூச்சிழுக்கும் குழந்தைக்கு நம் பண்பாட்டுப் பெருமை மருந்தாகாது. அதே சமயம், வியாசர்பாடியில் கால்பந்து கற்றுக்கொடுக்கும் அண்ணன்களும், இரவுப் பாடசாலைகளும், நள்ளிரவில் பிரசவ வலி வந்தால் ஆட்டோ எடுத்து வரும் பக்கத்து வீட்டுக்காரரும் எந்த விளம்பரத்திலும் இடம்பெறாத வசதிகள். அவற்றையும் கணக்கில் எழுத வேண்டும்.

என் அளவுகோல்களைச் சொல்கிறேன். நடந்து போகும் தூரத்தில் அரசுப் பள்ளியும் ஆரம்பச் சுகாதார நிலையமும் இருக்கிறதா? இரவுப் பணி முடிந்து வரும் பெண்ணுக்குக் கடைசிப் பேருந்து இருக்கிறதா? மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வருமா? இவை எல்லோருக்கும் பொது. நமக்கென்று இன்னும் மூன்று உண்டு. கூடத்துச் சுவரில் அம்பேத்கர் படத்தை வாசலிலிருந்து தெரியும்படி மாட்ட முடியுமா? ஊரிலிருந்து அம்மா வந்து தங்கினால், கீழ்வீட்டில் கேட்டால் இதைச் சொல்லாதே என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் இருக்க முடியுமா? பிள்ளை தன் வகுப்புத் தோழர்களை வீட்டுக்குக் கூட்டி வர முடியுமா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று பதில் கிடைக்காத பகுதியில் பூங்கா எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது நம் குடும்பத்துக்கு ஏற்றது ஆகாது. படத்தை உள்ளறையில் மாட்டிக்கொண்டு வாழும் குடும்பங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வாங்கிக் கொடுக்கச் செலுத்தும் விலை அது. அப்படியொரு விலையை யாரும் கேட்கக் கூடாது என்பதுதான் நம் கோரிக்கை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 19(1)(உ) இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றை 15(2) பெயர் சொல்லித் திறந்துவிடுகிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் ஒப்பந்தம், முன்பணம், காலி செய்வது என்று எல்லாவற்றையும் பேசுகிறது. சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. 2005இல் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினர்கள் பார்சிகளாக மட்டும் இருக்கலாம் என்கிற விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அண்ணலைப் பார்சி விடுதியிலிருந்து விரட்டி எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு அது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், இனம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1988இல் அதைத் திருத்தி, குழந்தைகள் இருப்பதைக் காரணம் காட்டி வீடு மறுப்பதையும் தடை செய்தார்கள். சட்டத்தால் அங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் மறுக்கப்பட்டவர் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது. நமக்கு அப்படி வீட்டுவசதிக்கென்றே ஒரு தனிச் சட்டம் இல்லை.

எனவே மூன்று வேலைகளை முன்வைத்து முடிக்கிறேன். ஒன்று, 2017 வாடகைச் சட்டத்தில் சாதி, மதம், உணவு, திருமண நிலை ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் பிரிவைச் சேர்க்கக் கோருவது. இரண்டு, நகரத்துக்குள்ளேயே, வாழ்ந்த வார்டுக்குள்ளேயே மறுகுடியமர்த்தல். கல்வியாண்டின் நடுவில் ஒரு வீட்டையும் இடிக்கக் கூடாது. வாரியம் கட்டும் புதிய குடியிருப்புகளில் சமத்துவபுரத்தின் கலப்பு விதி வேண்டும். மூன்றாவது மாணவர்களுக்கு. டெல்லியில் செய்த சோதனையை நீங்கள் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் செய்யுங்கள். இருவர் இருவராகப் போங்கள். ஒரே வேலை, ஒரே சம்பளம், ஒரே வீடு. ஊரும் தெருவும் மட்டும் வேறு சொல்லுங்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள், எத்தனை நாளில் பதில் வந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். எந்த வீட்டுக்காரரின் பெயரையும் வெளியிட வேண்டாம். நமக்கு வேண்டியது ஒருவரை அவமானப்படுத்துவது அல்ல, மறுப்பைக் கணக்காக்குவது. அந்தக் கணக்குப் புத்தகம் கையில் இருந்தால், இங்கெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள் என்று சட்டமன்றத்தில் ஒருவரும் எழுந்து கேட்க முடியாது.

1924இல் தாத்தா சட்டசபைக்கு எடுத்துப் போனது ஒரு தீர்மானம். நாம் எடுத்துப் போக வேண்டியது ஒரு சட்டத் திருத்தமும் அதற்கான கணக்கும். வேலையை இந்த மாதமே தொடங்கலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் தோழர்களிடம் கொடுங்கள்.